மூணாவது டப்பி

என் வீட்டுக்காரருக்கு இரண்டு வேலை. ஒன்று, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. இன்னொன்று, ஒரு கேம் மிஷின் கம்பெனிக்காக யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டே இருப்பது. முதல் வேலைக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை லீவு.

காலையில் முதல் ஆள் ஓட்டப் பழக வருவதற்கு முன்னால், கட்டடத்துக்குக் கீழே நிற்கும் காரில் போய் உட்கார்ந்து கண்ணாடியை எல்லாம் ஏற்றிக்கொள்வார். வீட்டுக்குள் பேசினால் சுவர் திருப்பிப் பேசுகிறதாம். முன்கண்ணாடிக்கு மேலே ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, பேசிப் பதிவு செய்து, இணையத்தில் ஏற்றுவார். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால், மூடிய காருக்குள் ஒரு மனிதர் தனியாகக் கையை ஆட்டி ஆட்டி யாரையோ திட்டுகிற மாதிரி இருக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தக் காரைக் கொஞ்சம் ஒதுங்கியே கடப்பார்கள்.

கேட்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கிளட்ச். ஆரம்பத்தில் ஒருமுறை, நம்ம கம்பெனிக்கு ஆக்ஸிலேட்டரை மிதிக்கத் தெரியும், கிளட்ச்சை எப்ப விடணும்னுதான் தெரியாது, அதனாலதான் வண்டி ஒவ்வொரு தடவையும் குலுங்கி நிக்குது என்று சொல்லிவைத்தார். அதோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, பிரேக் என்று வைக்கவில்லை. அது அவர் வாய்க்குக் கிடையாது.

கம்பெனி செய்வது மடக்கும் மிஷின். மூடினால் முகப்பவுடர் டப்பி மாதிரி கைக்குள் அடங்கும். திறந்தால் மேலே திரை, கீழே பொத்தான்கள், கட்டைவிரலுக்கு ஒரு குமிழ். அதனால் எல்லோரும் டப்பி என்றே சொல்வார்கள். முதல் டப்பி எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வந்தது. இரண்டாவது டப்பி வந்தும் நாளாகிவிட்டது. மூணாவது வருமா வராதா என்பதுதான் இப்போது உலகத்தில் இருக்கிற ஒரே கேள்வி, என் வீட்டில்.

அவருடைய கட்சி இதுதான். மற்ற கம்பெனிக்காரர்கள் திரையில் தெரியும் படத்துக்கு மெருகு போடுகிறார்கள். புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடுகிறது, விளையாடுகிறவனுக்குக் கொட்டாவி வருகிறது. டப்பிக்காரர்கள் மட்டும்தான் கட்டைவிரலுக்கு என்ன சந்தோஷம் என்று யோசிக்கிறார்கள். இதைச் சொல்லி முடித்த அதே மூச்சில் கம்பெனியைக் கிழிக்கவும் கிழிப்பார். ரசிகன் ஆசை ஆசையாக வீட்டில் உட்கார்ந்து செய்த கேமுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். பழைய கேம்களை விற்ற இணையக் கடையைச் சொல்லாமல் கொள்ளாமல் மூடினார்கள். கை வைக்காமலே குமிழ் நகர்கிற வியாதியை இரண்டு டப்பியிலும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பேர் கெட்டது இதனால்தான், தயாரிப்பினால் இல்லை, திமிரினால் என்பார். ஆனால் அதையே வேறு யாராவது சொல்லிவிட்டால் போச்சு. நான் முதல் டப்பியிலிருந்து கூட இருக்கிறவன், நான் திட்டலாம், நீ யார் என்று பாய்வார். என் மாமியார் என்னைப் பற்றி இதே சட்டம்தான் வைத்திருந்தார். ரத்தத்தில் வருவது.

பாய்வதற்கு வசதியாகப் பின்சீட்டில் என் தம்பி இருப்பான். செல்போன் கடையில் வேலை, எதிர்க் கம்பெனியின் பக்தன். கடைக்குப் போகிற வழியில் காரில் ஏறி உட்கார்ந்து, மைக்குக்குப் பின்னால் இருந்து சீண்டுவான். உங்க கம்பெனி வயசான கதாநாயகன் மாதிரி மாமா, இடுப்பு வளைய மாட்டேங்குது, இன்னும் ஹீரோ வேஷம்தான் கேக்குது என்பான். மச்சான், உங்க கம்பெனி மிஷின் விசிறி விடற அனல்ல பக்கத்து வீட்டுல துணி காயுது என்பார் இவர். கடைசியில் எல்லோரும் கேட்க ஒரு பந்தயம் கட்டினார்கள். மூணாவது டப்பி வராவிட்டால், தம்பியின் மிஷினை எங்கள் ஹாலில் வைத்து இவர் மண்டியிட்டு விளையாட வேண்டும். வந்தால் தம்பி மண்டியிட வேண்டும்.

இந்தச் சண்டையில் நான் சேர்வதில்லை. காரணம், நான் அந்த டப்பிகளைப் பழுது பார்க்கிறவள்.

கம்பெனியில் அல்ல. கம்பெனி ஒப்பந்தம் கொடுத்திருக்கிற சர்வீஸ் சென்டரில். நீளமான அறை, நீல ரப்பர் விரித்த மேஜைகள், ஒவ்வொரு மேஜைக்கும் பூதக்கண்ணாடி வைத்த விளக்கு. எவ்வளவு புழுங்கினாலும் மின்விசிறி போடமாட்டோம். கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங் ஒன்று பறந்துவிட்டால் அரைநாள் தரையில் தவழ வேண்டும். அங்கே என் வீட்டுக்காரர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. வேலைக்குச் சேரும்போதே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான் அங்கே நடப்பதைச் சொல்லமாட்டேன், அவர் கேட்கமாட்டார்.

கேட்கமாட்டார், சரி. ஆனால் பார்ப்பார். அதுதான் இந்த ரசிகக் கூட்டத்தின் தொழிலே. கம்பெனி வாயைத் திறக்காது. இவர்கள் அதன் முகத்தைப் பார்த்தே படித்துவிடுவார்கள். வேலைக்கு ஆள் தேடும் விளம்பரத்தில் ஒரு வார்த்தை மாறினால் அது சகுனம். வாழ்த்துப் படத்தில் வானம் கொஞ்சம் ஊதாவாக இருந்தால் அது புது டப்பியின் நிறம். கம்பெனித் தலைவர் மேடையில் மூன்று விரலைக் காட்டித் தண்ணீர் கேட்டால்கூட விடியவிடிய பேசுவார்கள்.

அப்படி இருக்கையில்தான் ஒருநாள் எங்கள் சூப்பர்வைசர் மேடம் கதவைச் சாத்திவிட்டு எங்களை எல்லாம் நிற்கவைத்தார். சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. கம்பெனி இனிமேல் மிஷின் செய்யப்போவதில்லை. மூணாவது கிடையாது. கேம்களை மட்டும் எழுதி மற்ற கம்பெனிகளின் மிஷினில் விற்பார்கள். முறையான அறிவிப்பு பின்னால் வரும். நம் ஒப்பந்தம் அதோடு முடிகிறது. முதலாளி அடுத்ததாகக் காது கேட்கும் கருவி பழுது பார்க்கும் பிரிவு ஒன்று தொடங்குகிறார். அதற்கு ஆள் தேர்ந்தெடுப்பது தன் பொறுப்பு என்றார். கை சுத்தமாக இருக்கிறவர்களைப் பார்த்துத்தான் எடுப்பாராம், வாயும் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

பக்கத்து மேஜைக்காரி, வீட்டில்கூடச் சொல்லக்கூடாதா என்று கேட்டாள்.

"வீட்டுலதான் முக்கியமா சொல்லக்கூடாது" என்றார் மேடம்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, இவர் மூணாவது டப்பியை எந்த இடத்தில் வைத்தால் டிவிக்கு வயர் எட்டும் என்று அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நல்லா இருக்கா, அந்தப் பக்கமா என்று கேட்டார். எங்கே இருந்தாலும் நல்லாத்தான் இருக்கும் என்றேன். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெறுமனே பாத்திரம் கழுவினேன். சுத்தமான பாத்திரம்.

அதற்குப் பிறகு எனக்கு உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றும், எழுந்தால் ஏன் எழுந்தோம் என்று இருக்கும். கீழே காரில் அவர் வாய் அசைவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். தினம் ஒரு புதுக் காரணம், தினம் கொஞ்சம் அதிக நம்பிக்கை. மருந்துக்கடைக்காரர் முதல் மாடிவீட்டு டீச்சர் வரை நிறுத்தி நிறுத்தி, வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கு நுனி அரித்தது. அவரிடம் சொன்னால் ஒருநாள் தாங்குவாரா? அவர் மனசில் இருப்பது அவருக்கே காரில் உட்கார்ந்து பேசினால்தான் தெரியவரும். அப்படிப்பட்டவரிடம் எதைச் சொல்ல?

சென்டரில் வேலை மாறிவிட்டது. பழுது பார்ப்பது நின்றது. வந்து குவிந்த பழைய டப்பிகளை எல்லாம் பிரித்துப் போட வேண்டும். திரை ஒரு பெட்டி, போர்டு ஒரு பெட்டி, பேட்டரி தனியாக மணல் வாளியில். காலையிலிருந்து மாலைவரை திருகைக் கழற்றுவதுதான் வேலை. அந்தத் திருகுக்கு மூன்று இதழ் உள்ள முனை வேண்டும். சாதாரண ஸ்குரூ டிரைவர் பிடிக்காது. என் சொந்த முனை வருடக்கணக்கில் உழைத்தது, இந்தக் கழற்றலில் மழுங்கிப்போனது. அவர் பயிற்சி கொடுக்கப் போகிற வழியில் கருவிக்கடை இருக்கிறதே என்று, ஒன்று வாங்கிவரச் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். வாங்கிவந்து கொடுத்தார். இத்தனை வருஷம் தேயாதது இப்ப தேஞ்சுபோச்சா என்று மட்டும் கேட்டார். தேயறதுதானே என்றேன்.

இரண்டொரு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரம். பக்கத்து மேஜைக்காரி வழக்கம்போல போனைத் தண்ணீர் ஜாடிமேல் சாய்த்து கிளட்ச்சைப் போட்டாள். எங்கள் அறைக்கே அது ஒரு பொழுதுபோக்கு. உள்ளே நடப்பது தெரிந்துகொண்டு, தெரியாத ஒருவர் பேசுவதைக் கேட்பதில் ஒரு ருசி இருக்கிறது இல்லையா? ஐயோ பாவம் இந்த மனுஷன் என்று சிரிப்பார்கள். நான் குனிந்து சாப்பிடுவேன். என் வீட்டுக் குரல் ஜாடிக்குப் பக்கத்திலிருந்து வரும்.

அன்றைக்கு அந்தக் குரல் ரொம்பக் குஷியாக இருந்தது.

"நல்லா கேட்டுக்கங்க. சர்வீஸ் சென்டர்ல இப்ப பழைய டப்பியை மூட்டை மூட்டையா பிரிக்கிறாங்க. ரிப்பேர் இல்ல, பிரிக்கிறாங்க. ஸ்குரூ டிரைவர் முனை தேயற அளவுக்குப் பிரிக்கிறாங்க. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. எதுக்குப் பிரிப்பாங்க? பழசைக் கொடு, புதுசை எடுத்துட்டுப் போன்னு எக்ஸ்சேஞ்ச் விடப்போறாங்க. மூணாவது டப்பி கதவுகிட்ட வந்து நிக்குது, நான் சொல்றேன்."

கணக்கு முழுக்கத் தப்பு. ஆனால் பிரிக்கிறார்கள் என்ற ஒன்று சரி. அந்த ஒன்று எங்கள் அறையைத் தவிர வெளியே யாருக்கும் தெரிய வழியில்லை. மென்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். மேடம் கதவருகே நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

அவர் கத்தவில்லை. காதுக் கருவிப் பிரிவுக்கான பெயர்களை நாளை மறுநாள் தரப்போகிறேன் என்றார். அதற்குள் யார் சொன்னது என்று தெரியாவிட்டால், இந்த அறையிலிருந்து ஒருவரையும் எடுக்கப்போவதில்லை, வெளியாட்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பக்கத்து மேஜைக்காரி போனைக் கவிழ்த்து வைத்தாள். மத்தியானம் முழுக்கத் திருகு விழுகிற சத்தம் மட்டும்தான்.

என்ன செய்வது? அந்தப் பேச்சை இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏன் எடுக்கச் சொல்கிறாள் என்று யோசிப்பார். யோசித்தால் அது ஒரு சகுனம். சும்மா இருந்தாலும் சகுனம். அவருக்கு எதிரில் நான் தும்மினால்கூட அது மூணாவது டப்பியைப் பற்றிய தகவல்தான்.

சாயங்காலம் சென்டருக்கு இரண்டு தெரு தள்ளி, எப்போதும் போல, காரோடு காத்திருந்தார். வாசலுக்கு வரக்கூடாது என்பதும் எங்கள் ஏற்பாடு. எனக்கு ஓட்டப் பழக்கம் விட்டுப்போகக்கூடாது என்று வீடுவரை என்னைத்தான் ஓட்டச் சொல்வார். அவர் பக்கத்தில், பயிற்சிக்காரர்களுக்கு உள்ள கூடுதல் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு உட்காருவார். நான் வண்டியை எடுத்தேன்.

"இன்னிக்குப் பேசினீங்களே, அதை எடுத்துடுங்க."

திரும்பி என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நான் பயந்தபடியேதான்.

"அப்ப நிஜமா?"

"நிஜம் பொய்யின்னு நான் சொன்னேனா? எடுத்துடுங்கன்னேன்."

"நீ இப்படிச் சொன்னதே இல்ல."

"சொல்லாம இருந்தது தப்பு."

"எக்ஸ்சேஞ்சா, இல்ல நேரடியா விக்கிறாங்களா? சொல்ல வேண்டாம். நான் ரெண்டையும் சொல்றேன், எது சரியோ அதுக்கு ஹாரன் அடி."

ஹாரனாம். எதிரே பஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது, அது போகட்டும் என்று இருந்தேன்.

"மூணாவது டப்பி கிடையாதுங்க. மிஷின் பண்றதையே விடறாங்க. அதனாலதான் பிரிக்கிறோம்."

கார் அப்படியே நின்றது. நான் நிறுத்தவில்லை. அவர் காலை அழுத்திவிட்டார். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். ஒரு ஸ்கூட்டர்காரர் பக்கத்தில் வந்து, பழகறதுன்னா மைதானத்துக்குப் போங்க என்று திட்டிவிட்டுப் போனார். கார்க் கூரைமேல் இருக்கிற பயிற்சிப் பள்ளிப் பலகையைப் பார்த்து எனக்குத்தான் திட்டு.

"காலை எடுங்க" என்றேன்.

எடுத்தார். ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். யார் சொன்னது, நிச்சயமா, உதிரிபாகம் வரலைன்னு நீங்களா நினைச்சுக்கறீங்களா என்று கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். காதுக் கருவிப் பிரிவைப் பற்றியும், நாளை மறுநாளைப் பற்றியும், மேஜைக்காரிகள் எல்லோர் வேலையும் அவர் வாயில் தொங்குவதையும் சொன்னேன். கடைசியில் அவர் கேட்டது கம்பெனியைப் பற்றி அல்ல.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"கொஞ்ச நாளா."

"நான் அலமாரியை நகர்த்தினேனே, அப்பவே தெரியுமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"தினம் பேசிட்டு மேல வருவேன். நல்லா பேசினேனான்னு கேப்பேன். நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவ."

"நல்லாத்தான் பேசினீங்க."

அதற்கு மேல் பேசவில்லை. வீடுவரை பேசவில்லை. நான் இரண்டாவது கியரிலேயே வெகுதூரம் ஓட்டிக்கொண்டு வந்தேன். அதைக்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க முடியாத மனிதர் சொல்லாமல் இருப்பது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி அனலாக இருக்கிறது.

வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தார். அப்புறம் அவராகவே ஆரம்பித்தார். அந்தப் பேச்சை எடுத்துவிடுவது சுலபம், ஆனால் எடுத்தால் எடுத்ததைத்தான் பேசுவார்கள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாலும், கம்பெனி மிரட்டிவிட்டது, ஆகவே உண்மை என்பார்கள். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லுவேன் என்றார். எந்தச் சென்டர், யார் என்று தோண்டுவார்கள். தோண்டினால் எங்கே வந்து நிற்கும் என்று என்னைப் பார்த்தார்.

"அப்ப என்ன பண்றது?"

"பேசறதுதான். எப்பவும் பேசற மாதிரி. அதுக்கும் மேல."

மறுநாள் காலை ஜன்னலில் நின்றேன். தம்பி பின்சீட்டில் ஏறுவது தெரிந்தது. இவர் மைக்கைச் சரிசெய்தார், கண்ணாடியை ஏற்றினார். அப்புறம் கை ஆடத் தொடங்கியது. நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

மத்தியானம் பக்கத்து மேஜைக்காரி போனை எடுக்கத் தயங்கினாள். மேடமே வந்து, போடு, இன்னிக்கு என்ன சொல்றாருன்னு கேக்கணும் என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கிளட்ச் பேசினார். மூணாவது டப்பி வருவதற்குத் தன்னிடம் உள்ள ஆதாரங்களை வரிசையாக எடுத்துவிட்டார். தலைவர் போன கூட்டத்துக்குப் புது ஷூ போட்டிருந்தார், புது ஷூ போடுகிறவன் நடக்கப்போகிறான் என்று அர்த்தம். கம்பெனி வாசலில் மரம் நட்டிருக்கிறார்கள், மூடப்போகிறவன் மரம் நடுவானா? தன்னிடம் ஓட்டப் பழகும் ஒரு பெண்மணியின் மைத்துனர் கனவில் சாம்பல் நிற டப்பி வந்தது. தெருமுனைப் பழுதுக்கடையில் ஒரு முனை தேய்ந்த ஸ்குரூ டிரைவரைப் பார்த்தேன், அதைவைத்து நேற்று சர்வீஸ் சென்டர் வரை போய்விட்டேன், இன்று காலை அந்தக் கடைக்காரரே, ஐயா அது சைக்கிளுக்கு உள்ளது என்று சொல்லிவிட்டார், அதனால் என்ன, சைக்கிளும் ஒரு சகுனம்தானே என்றார். பின்சீட்டில் தம்பி சிரித்துச் சிரித்து இருமுவது கேட்டது. மாமா, டாக்டரைப் பாருங்க, காரை நான் ஓட்டறேன் என்றான்.

எங்கள் அறையில் ஒருத்தி சோற்றுப்பருக்கை மூக்கில் ஏறி அழுதுகொண்டே சிரித்தாள். இந்த ஆளா உள்விஷயம் தெரிஞ்சு பேசினாரு, சைக்கிள் ஸ்குரூ டிரைவரைப் பாத்துட்டா நம்மளை இந்தப் பாடு படுத்தினாரு என்றார்கள். எல்லோர் முகத்திலும் ரத்தம் திரும்ப வந்தது.

நான் மட்டும் குரலைக் கேட்டேன். கடைசிப் பகுதியில் அவர் வேடிக்கையை விட்டுவிட்டார். டப்பி கம்பெனிக்கு எதிர்காலம் உண்டு, ஏனென்றால் விளையாடும்போது சிரிப்பு வரவேண்டும் என்று நினைக்கிறவர்கள் அவர்கள்தான், அப்படி நினைக்கிறவர்களை உலகம் சும்மா விட்டுவிடாது என்றார். வழக்கமாகச் சொல்வதுதான். சொல்லிவிட்டு ஓர் இடைவெளி விட்டார். அந்த இடைவெளியில் அவர் மூக்கை உறிஞ்சியது மைக்கில் விழுந்தது. ஜலதோஷம்போல என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

மேடம் சிரிக்கவில்லை. எழுந்து, என்னை மட்டும் பாகங்கள் வைக்கும் அறைக்கு வரச் சொன்னார். காலி அலமாரிகளுக்கு நடுவில் நின்றோம்.

"ஒரு தடவை உன் போனுக்குக் கூப்பிட்டேன். உன் வீட்டுக்காரர் எடுத்தாரு. நீ குளிக்கிறதா சொல்லிட்டு, நான் கேக்காமலே மழையைப் பத்திப் பேசினாரு. அந்தக் குரல்தானே இது?"

"ஆமா மேடம்."

"நீ சொல்லித்தான் அன்னிக்குப் பேசினாரா?"

"இல்ல மேடம். முனை வாங்கிட்டு வரச் சொன்னேன். அவரா கணக்குப் போட்டாரு, தப்பா."

"இன்னிக்குப் பேசினது?"

பொய் சொல்லியிருக்கலாம். கேள்வி கேட்ட விதத்தில் அதற்கு இடமில்லை.

"நேத்து சொல்லிட்டேன் மேடம். எல்லாத்தையும் சொல்லிட்டேன். இன்னிக்குத் தெரிஞ்சுதான் பேசினாரு."

மேடம் அலமாரித் தட்டில் விரலால் தூசியைத் துடைத்தார். தெரிஞ்சா இப்படிப் பேசினாரு என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார். வெளியே இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"உன் பேரை வெச்சிருக்கேன். மத்தவங்க பேரும் இருக்கு. ஆனா ஒண்ணு. அவரு இப்ப நிறுத்தினா நாலு பேரு ஏன்னு கேப்பாங்க. அறிவிப்பு வர்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினா உன் பேரை அடிக்க எனக்கு ஒரு கோடு போதும்."

அன்று அவர் என்னை அழைத்துப்போக வரவில்லை. பஸ்ஸில் வந்தேன். ஹாலில் மைக் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு மேஜைமேல் வைத்திருந்தார். தம்பி வந்து, என்ன மாமா உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனானாம். பந்தயத்தை நினைவுபடுத்தினானாம். இவர் ஆகட்டும் என்றாராம். மாமா எதிர்த்துப் பேசாததில் அவன்தான் பயந்துபோய்க் கிளம்பினானாம்.

மேடம் சொன்னதைச் சொன்னேன்.

"முடியாது. இன்னிக்கு ஒருநாளே எனக்கு வாயெல்லாம் கசக்குது. இதுவரைக்கும் நான் தப்பாப் பேசியிருக்கேன், ஆனா பொய் பேசினதில்ல. காலையில என்னை நம்பி எழுதறாங்க, அண்ணே நீங்க சொன்னதாலதான் பழைய டப்பியை விக்காம வெச்சிருக்கேன்னு. அவங்களுக்கு நான் என்ன பதில் எழுதறது?"

"என் வேலை இருக்குங்க."

"தெரியும்."

மறுபடி நடந்தார். அவர் அலமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். தரையில் கோடு விழுந்திருந்தது. எனக்கும் உட்கார முடியவில்லை. அந்தச் சின்ன ஹாலில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நடந்துகொண்டிருந்தோம். யாராவது பார்த்தால் எங்களுக்கும் குமிழ் வியாதி வந்துவிட்டது என்பார்கள்.

"வரும்னு சொல்ல வேண்டாம்" என்றேன். "வந்ததைப் பத்திப் பேசுங்க."

"என்ன பேசறது? எல்லாம் பேசியாச்சு."

"டப்பி மடங்கற இடத்துல இருக்கற கீலைப் பத்திப் பேசினீங்களா?"

நின்றார்.

"எத்தனையோ டப்பி என் கையில வந்திருக்கு. குமிழ் போய் வரும். திரை உடைஞ்சு வரும். பேட்டரி உப்பி வரும். தண்ணியில விழுந்து, கார்ச்சக்கரத்துல ஏறி வரும். கீல் போச்சுன்னு ஒண்ணுகூட வந்ததில்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. இப்ப பிரிச்சுப் போடறோமே, அதுலயும் கீலை மட்டும் கழட்ட முடியல. உள்ள மெல்லிசா ஒரு எஃகுப் பட்டையைச் சுருட்டி வெச்சிருக்கான். வெளியிலேர்ந்து யாருக்கும் தெரியாது. குழந்தை இழுக்கும், பின்னால வளைக்கும், மேல உக்காரும்னு யோசிச்சுப் பண்ணியிருக்கான்."

அவர் உள்ளே போய்த் தன் முதல் டப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். திறந்தார், மூடினார். காதருகே வைத்துத் திறந்தார், மூடினார். கட்டைவிரல் பட்டு நிறம் போயிருந்த மிஷின்.

"இதைச் சொன்னா ரிப்பேர் மேஜையில உக்கார்றவங்க சொன்னதுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க" என்றார். கண்ணில் பழைய வெளிச்சம் கொஞ்சம் வந்திருந்தது. "அதனால நான் சொல்லமாட்டேன். கேக்கறேன். கீல் உடைஞ்ச டப்பி யார்கிட்டயாவது இருந்தா எனக்கு எழுதுங்கன்னு கேக்கறேன். ஒருத்தனும் எழுதமாட்டான். அப்ப நாங்களா கண்டுபிடிச்ச மாதிரி ஆயிடும்."

"அது பொய்யில்லையே?"

"கேள்வி எப்படிப் பொய்யாகும்?"

மறுநாள் காலை ஜன்னலில் நிற்கப் பிடிக்காமல் கீழே இறங்கிப் போனேன். பயிற்சிக்கு வந்த அம்மாள் காருக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் முடியலையா என்று என்னிடம் கேட்டார். உள்ளே எதிர்க் கம்பெனி பக்தனான தம்பி பின்சீட்டிலிருந்து முன்னால் குனிந்து, மாமா கையிலிருந்த டப்பியை வாங்கித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ கேட்டான். இவர் பதில் சொன்னார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அம்மாள் கண்ணாடியில் தட்டினார். இவர் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, மைக்குக்கு இன்னும் கிட்டே போனார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன் நான். "பேசிக்கட்டும்."